துணி மூட்டையும் எழுதுகோலும்

எழுத்தாளர் ஒருவரை மதிப்பிடுங்கால் அவர்தம் நடையழகை முதலில் நோக்குதல் நம்மவர் வழக்கம். இதழாளரைப் பொறுத்தவரை அவ்வளவுகோல் போதாது. அவர் எவ்விடத்தில் நின்று எழுதினார் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.

தஞ்சை மண்ணிலிருந்து இலங்கையில் குடியேறிய கோ. நடேசய்யர் இதற்குத் தக்க சான்றாவார். வெளியார் எளிதிற் புகவியலாத தேயிலைத் தோட்டங்களுக்குள் அவர் துணி வணிகராக வேடம் பூண்டு சென்றார். லயன் அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் படும் துயரை நேரிற் கண்டார். கண்ட பின்னரே எழுதினார். 1921-இல் ‘தேசநேசன்’, 1924-இல் ‘தேசபக்தன்’ ஆகிய ஏடுகளைத் தொடங்கினார்; 1931-இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கமும் கண்டார். எழுத்தறியாதாரை ஏடு எட்டாது. அக்குறையை நிரப்பியவர் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை. மக்களறிந்த மெட்டுகளிற் பாடல் புனைந்து தோட்டங்களில் அவர் பாடினார்.

இவ்வெழுத்துகளில் பிரசார வாடை மிகுதி என்பார் உளர். அதனை நாம் முற்றும் மறுக்கவில்லை. ஆயினும், லயன் வாசலில் நின்று கேட்போர்க்கென எழுந்த எழுத்தைக் கற்றோர் அவைக்குரிய கோலால் அளத்தல் முறையன்று.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம் இன்று இவரை நினைக்கக் காரணம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் தமிழகத்தார் 20 பேர் மாண்டனர். செம்மரம் வெட்ட வந்து தம்மைத் தாக்கியோர் என்றது காவல்துறை; அக்கூற்றை மனித உரிமை அமைப்பினர் ஐயுற்றனர். மாண்டோருள் ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் இருந்தனர். அம்மலையின் போளூர்ப் பகுதியும், நம் சித்தூரும் திருப்பதியும் 1911 வரை ஒரே வட ஆர்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தன. அண்டை வீட்டார் நமக்கு வெறும் எண்ணிக்கையாயினர்.

பிழைப்பு நாடி எல்லை கடந்த குடும்பங்களே நாமும். எனினும் அந்நாளில் நம் பேச்சில் செம்மரத்தின் விலை இருந்தது. கூலிக்குக் கோடரி எடுத்தவன் வீட்டு அடுப்பு இருந்ததில்லை. தலபுராணத்திற்குப் பக்கம் ஒதுக்கும் நம் மலர்கள் அவ்வீடுகளுக்கும் ஒதுக்க வேண்டாவா?

நடேசய்யர் தோளில் துணி மூட்டை ஏறிய பின்னரே அவர் எழுதுகோலுக்கு உரம் ஏறியது. அங்ஙனமே மலையேறிச் சென்று, கேட்டு, எழுதிவரும் ஓர் இளைஞர் நம் பிள்ளைகளுள் தோன்றுவாராயின், அவர் நடை கரடாயினும் ஆகுக. அடுத்த மலரின் முதற்பக்கம் அவருக்கே உரியது.