மேய்ப்பரின் அதிகாரமும் மந்தையின் கசப்பும்

சபையார் கூடித் தீர்மானிப்பதே பாப்திஸ்து சபைகளின் ஆதிக் கோட்பாடு. ஆயின் அடிப்படைவாதம் வேரூன்றிய தனிச் சபைகள் சிலவற்றில் தீர்மானம் யாவும் போதகர் ஒருவரிடமே ஒடுங்கியுள்ளது. அவரை வினவுவது வேதத்தையே மறுப்பதாக எண்ணப்படுகிறது. மனம் கசந்து வெளியேறுவோர் பின்மாற்றக்காரர் எனப்படுகின்றனர். இத்தீர்ப்பு நேரியதா?

பழைய திருநெல்வேலிச் சீமையின் வரலாறு வேறு விடை கூறுகிறது. நாசரேத்தில் எஸ்.பி.ஜி. மிஷனெரி கேமரரோடு முரண்பட்டு ஊழியத்தினின்று நீக்கப்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, 1857இல் தம்மைச் சார்ந்தோருடன் தனிச் சபை கண்டார். நாடார் சமூகத்தைத் தாழ்வாகச் சித்திரித்துக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலும் அக்கசப்பை வளர்த்தது. எனினும் அவர்கள் துறந்தது மிஷனெரியின் அதிகாரத்தையே, வேதத்தையன்று. சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்ததும் வேதத்தை ஆதாரமாகக் கொண்டே. அவர்தம் முடிவுகள் அனைத்தும் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் அவர்களை அவிசுவாசிகள் என ஒதுக்க இயலாது.

அப்பிளவு அத்தியட்சர் ஆளுகைக்குட்பட்ட சபையில் நேர்ந்தது. ஆகவே இந்நோய் பாப்திஸ்தருக்கு மட்டும் உரியதன்று. 1 பேதுரு 5:3 மேய்ப்பரிடம் நாடுவது மாதிரியான வாழ்வையே. போதகர்மேல் முறையிடவும் கணக்குக் கேட்கவும் சபையாருக்கு வழி வேண்டும். சங்கரன்கோவில் வட்டாரத்தில் இத்தகையோர் நம்மை நாடி வருங்கால், தீர்ப்புக் கூறுமுன் அவர்கள் சொல்வதைக் கேட்பது நம் கடமை.