சேக்கிழார் கண்ட பாலாறு

காவிரியைப் பாடிய புலவர் பலர். பாலாற்றைப் பாடியோர் சிலரே. அச்சிலருள் சேக்கிழார் தலையாயவர்.

அவர் பிறந்த குன்றத்தூரும், ஒரகடத்தையடுத்த வடக்குப்பட்டும் ஒரே நிலப்பகுதியைச் சார்ந்தவை. 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை வடக்குப்பட்டில் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த கற்கருவிகள், இங்கு மக்கள் வாழ்க்கை மிகப் பழைமையானது என்பதைக் காட்டும். வற்றாத ஆறு பாயாத இப்பகுதியில் ஏரியே உழவர்க்கு உயிர். நீரைத் தேக்கிக் காக்கும் நிலத்திற் பிறந்தார் ஆற்றை நோக்கும் நோக்குத் தனித்தன்மையுடையது.

திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் தொண்டைநாட்டு வளம் கூறுங்கால், பாலாற்றைப் ‘பாலி’ எனச் சுட்டுகிறார் சேக்கிழார். குழந்தை கைகளால் வருடத் தாயின் மார்பில் பால் சுரக்கின்றது. அதுபோல் உழவர் வேனிற்காலத்தில் மணல்மேட்டைக் கையால் பிசைய நீர் பெருகிக் கால்வழியே வயலுக்குச் செல்கின்றது என்பது அவர் கூறும் உவமை. இதனை ஆற்றின் பெயரினின்று பிறந்த சொல்விளையாட்டு எனக் கொள்ளுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது.

நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடல் சேரும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே தோன்றும். 2021 நவம்பரிற் போலப் பெருவெள்ளம் வரினும் விரைவில் வடிந்துவிடும். ஆயினும் மணலின் அடியில் நீர் தங்கும். அம்மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்தல் இவ்வாற்றங்கரை உழவரின் தொன்றுதொட்ட வழக்கம். எனவே, நீர் பெருகி மடையை உடைக்கும் என்பது உயர்வு நவிற்சியாயினும், கைபட்டு நீர் சுரக்கும் என்பது தன்மை நவிற்சியே எனலாம்.

பிறிதொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. திருநாட்டுச் சிறப்பில் இவரே பாடும் காவிரி தானே பெருகி வருவது. பாலாறோ உழவன் கைபட்டால் சுரப்பது. அங்கே ஆற்றின் கொடை முதன்மை பெற, இங்கே உழைப்பும் கொடையும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. இரு நாட்டையும் அறிந்த சேக்கிழார், காவிரிக்குரிய புகழைப் பாலாற்றின்மேல் ஏற்றிப் பாடவில்லை. அதற்குரிய இயல்பையே அதன் பெருமையாக்கினார். அவரது புலமை நேர்மைக்கு இது சான்றாகும்.

இவ்வுவமையின் உயிர் மணலில் உள்ளது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டதைக் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கழிவு நீரைக் கெடுத்தது. மணற் கொள்ளையோ நீர் தங்கும் இடத்தையே அழித்தது. மணல் நீங்கிய ஆற்றில் உழவன் எதனைப் பிசைவான்? பழம்பாடலுக்கு உரை காண்பார் சொல்லின் பொருளை ஏட்டில் காணலாம். அச்சொல் சுட்டும் பொருள் நிலத்தில் இல்லையாயின் வருங்கால மாணவர்க்கு எதனைக் காட்டி விளக்குவது? பாலாற்றைக் காப்பது இலக்கியத்தைக் காப்பதுமாகும் என்பது இதனாற் பெறப்படும்.