கழிபொருளும் ஒளியும்: பில் கல்பர்ட்டின் குழல்விளக்குச் சிற்பங்கள்

முன்னுரை

கழிபொருள்களால் ஆன ஒளிச்சிற்பங்களுக்குப் பொதுவாக ஒரு பாராட்டு கிடைக்கிறது: ஒளி பட்டதும் குப்பை அழகாகிவிடுகிறது என்பதே அது. அவ்வாறு அழகாகும்போது அது குப்பை என்பது மறக்கப்பட்டுவிடுமாயின், பாராட்டே குறையாகிறது. நியூசிலாந்தில் பிறந்து, லண்டனிலும் தென்பிரான்சிலும் வாழ்ந்த பில் கல்பர்ட்டின் (1935–2019) படைப்புகளை இந்நோக்கில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நிழலில் மறையும் குப்பை

ஒப்புநோக்க, பிரித்தானியக் கலைஞர்களான டிம் நோபிள், சூ வெப்ஸ்டர் ஆகியோரின் ‘டர்ட்டி ஒயிட் டிராஷ்’ (1998) என்னும் படைப்பைக் கருதலாம். இருவரும் ஆறு மாதங்களில் சேர்த்த குப்பையும் பாடம் செய்யப்பட்ட இரு கடற்காகங்களும் குவிக்கப்பட்டுள்ளன. ஒரு விளக்கு அக்குவியலின் மீது ஒளி பாய்ச்ச, முதுகோடு முதுகு சாய்ந்து ஓய்வாக அமர்ந்திருக்கும் அவ்விருவரின் நிழலுருவம் சுவரில் விழுகிறது. குப்பையின் உடைமையாளர் யாவர் என்பதை நிழல் காட்டிக்கொடுக்கிறது. இதுவே படைப்பின் வலிமை. எனினும் பார்வையாளரின் வியப்பு சுவரிலேயே நிலைகொள்ள, குவியல் அதற்குரிய கருவியாகச் சுருங்கிவிடுகிறது.

பொருளாகவே நிற்கும் பொருள்

கல்பர்ட்டிடம் இம்மறைப்பு இல்லை. பயன்படுத்தி எறியப்பட்ட நெகிழிக் கலன்களின் ஊடே அவர் குழல்விளக்கைச் செலுத்துகிறார். கலன் வேறொன்றின் உருவத்தைப் புனைவதில்லை. எண்ணெயோ சலவைத்திரவமோ இருந்த இடத்தில் இப்போது ஒளி நிறைந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியில் நியூசிலாந்தின் சார்பில் இடம்பெற்ற ‘பீபாப்’ என்னும் படைப்பில், பழைய மேசை நாற்காலிகளைக் குழல்விளக்குகள் துளைத்துச் செல்ல, அவை கூரையிலிருந்து தொங்கின. நாற்காலி நாற்காலியாகவே இருந்தது; அமர்வதற்கு மட்டும் உதவவில்லை.

இந்நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. ‘பசிபிக் ஃப்ளோட்சம்’ (2007) என்னும் படைப்பில் வண்ணக் கலன்களும் விளக்குகளும் தரையில் பரந்துகிடக்கின்றன. கடலில் மிதக்கும் கழிவைத் தலைப்பே நினைவூட்டுகிறது. தலைப்பை நீக்கினால் வண்ணத்தின் இனிமை கண்ணை அமைதிப்படுத்திவிடக்கூடும். சூழலியல் எச்சரிக்கையாக மட்டும் இதனை வாசிப்பது பொருந்தாது.

விளக்கும் ஒரு கழிபொருள்

கல்பர்ட்டின் தனித்தன்மை கலனில் மட்டுமன்றி விளக்கிலும் உள்ளது. நோபிள், வெப்ஸ்டர் படைப்பில் ஒளி குப்பைக்கு வெளியிலிருந்து வருகிறது. கல்பர்ட்டின் குழல்விளக்கோ கலனைப் போலவே ஆலையில் செய்யப்பட்டு, கடையில் விற்கப்பட்டு, பழுதானதும் எறியப்படுவது. அதனுள் பாதரசமும் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்குரிய குழல்விளக்குகளைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறுத்தியது. இனி இப்படைப்புகளைப் பேணும் காட்சியகங்கள் மாற்று விளக்கைத் தேட வேண்டியிருக்கும். ஒளியுமிழ் இருமுனையக் குழலைப் பொருத்தினால் வெளிச்சம் நிலைக்கும். ஆனால் ஒளியின் தன்மையும் அதன் காலமும் மாறும். கலனுக்கு ஒளி தந்த பொருளே தேடிக் கண்டெடுக்க வேண்டிய பழம்பொருளாகிறது.

முடிவுரை

ஒளி குப்பையை மீட்கிறது என்னும் கருத்து, ஒளியைக் குப்பைக்கு மேலான ஒன்றாக வைக்கிறது. கல்பர்ட்டின் சிற்பங்கள் இரண்டையும் ஒரே தரையில் கிடத்துகின்றன. எனவே இவ்வகைக் கலையை மதிப்பிடும்போது, ஒளி எதனை அழகாக்குகிறது என்பதோடு, அவ்வொளியைத் தரும் பொருள் எங்கிருந்து வந்து எங்குச் சேர்கிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.