அடைப்புக்குறிக்குள் ஓர் அசெம்பிளர்

1981இல் ஏகார்ன் நிறுவனம் கொண்டுவந்த பிபிசி மைக்ரோ கணினிக்கு அசெம்பிளரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சோஃபி வில்சன் எழுதிய பேசிக் மொழியோடு, ஒரே 16 கிலோபைட் ரோமில் அதுவும் ஒண்டிக்குடித்தனம் இருந்தது. பேசிக் நிரலின் நடுவே சதுர அடைப்புக்குறி ஒன்றைத் திறந்தால் போதும். அடுத்த வரியிலிருந்து அந்தக் கணினியின் 6502 சிப்பின் சொந்தப் பாஷை. 'எல்டிஏ #65' என்ற வரி பதினறும எண்களில் 'ஏ9 41' என்று இரண்டே பைட்டாகச் சுருங்கும்.

பின்னால் வரப்போகும் லேபிளின் முகவரி முன்னாலேயே எப்படித் தெரியும்? அதற்குச் செய்த ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரண ஃபார் லூப் ஒன்றைப் போட்டு, அதே வரிகளை இரண்டு தடவை ஓட்டுவார்கள். முதல் சுற்றில் ஆப்ட் என்ற கட்டளைக்கு 0 கொடுத்தால், பிழை கண்ணில் பட்டாலும் அசெம்பிளர் வாயைத் திறக்காது. அடுத்த சுற்றில் ஆப்ட் 3: முகவரிகள் அதனதன் இடத்தில் உட்கார, பட்டியல் திரையில் கடகடவென்று ஓடும்.