மன்றமும் மேடையும்: பொதுக் கட்டடங்களில் கூடுதலும் கற்றலும்

பாகான் டாலாம் வட்டாரத்தில் உள்ள ஒரு சமூக மண்டபத்தின் முன்படிகளில், வார நாள்களின் மாலையில் நான்கைந்து மாணவர் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு. மண்டபம் பூட்டியிருக்கும். உள்ளே நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருக்கும். படியில் இடம் போதாதபோது, காலணி வைப்பதற்கென்று கட்டிய திண்டில் சிலர் அமர்வர். அப்படிகளை அமைத்தோர் அவற்றைக் கற்குமிடமாகக் கருதியவரல்லர். மழைநீர் உட்புகாதிருக்கத் தளத்தை உயர்த்தினர், அவ்வளவே. எனினும், அக்கட்டடத்தில் அன்றாடம் பயன்படும் பகுதி அஃதொன்றே எனலாம்.

நூல்களைத் திறனாயும் மரபு நம்மிடையே வேரூன்றியுள்ள அளவிற்குக் கட்டடங்களைத் திறனாயும் மரபு வேரூன்றவில்லை. ஒரு மண்டபம் திறக்கப்படும்பொழுது எத்தனை இலட்சம் வெள்ளி செலவாயிற்று, எத்தனை பேர் அமரலாம், திறந்து வைத்தவர் யாவர் என்னும் மூன்று செய்திகளே பதிவாகின்றன. அங்கு யார், எந்நேரத்தில், எதற்காக வந்து தங்குவர் என்னும் வினா எழுவதில்லை. மலேசியத் தமிழர் தம் உழைப்பின் பெரும்பங்கைக் கோயிலுக்கும் பள்ளிக்கும் மண்டபத்திற்கும் அளித்துவரும் சமுதாயத்தினர் ஆதலின், இவ்வினாவைத் தமிழ் கற்பிப்போர் எழுப்புவது பொருத்தமாகும்.

பழந்தமிழ் நூல்கள் காட்டும் பொதுவிடங்கள் இரு வகையின. ஒன்று, மன்றமும் பொதியிலும். மரநிழலிலோ தூண் நட்ட கூரையின் கீழோ அமைந்த இவ்விடங்களுக்கு முன்புறம், பின்புறம் என்னும் பாகுபாடு இல்லை. வந்தவர் வந்த திசையில் அமர்வர். பாழ்பட்டுப்போன பொதியில் ஒன்றைக் காட்டும் புறநானூற்றுப் பாடலில் (52), நரைத்த முதியோர் வல்லாடிக் குழிந்த தரையில் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. அக்குழி எவரும் திட்டமிட்டு அமைத்ததன்று; நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்ந்தமையால் விளைந்தது. ஒரு பொதுவிடம் மக்களுடையதாயிற்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை. மற்றொன்று, மணிமேகலையின் விழாவறை காதை குறிக்கும் பட்டிமண்டபம். வாதிட வல்லார் ஏறவும் ஏனையோர் கேட்கவும் உரிய இடம் அது. நாம் முன்னதை மறந்து பின்னதை மட்டுமே கட்டிவருகின்றோம். அதிலும் வாதம் குறைந்து நகைச்சுவை மிகுந்துவிட்டமை வேறு செய்தி.

இன்றைய மண்டபத்தின் அமைப்பு ஒரே நோக்கினது. ஒருபுறம் மேடை, எதிரே வரிசை வரிசையாக இருக்கைகள். அமர்ந்திருப்போர் பேசுபவரைக் காண்பரேயன்றித் தம்முள் ஒருவரையொருவர் காணார். திருமணத்திற்கும் ஆண்டு விழாவிற்கும் இஃது ஏற்றதே. ஆயின், ஓராண்டில் மிகச் சில நாள்களே நிகழும் வினைக்காகக் கட்டடம் முழுவதையும் வடிவமைத்துவிட்டு, எஞ்சிய நாள்களில் அதனைப் பூட்டி வைப்பது எவ்வகைச் சிக்கனம் என்பது விளங்கவில்லை.

இதற்கு மாறான வரிசை முறையை யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாற்றில் காண்கின்றோம். அந்நூலகத்தின் எரிப்பைப் பற்றி மிகுதியும் எழுதப்பட்டுள்ளது. அது கட்டப்பட்ட முறை பற்றிய பேச்சு குறைவு. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய இலவச வாசிப்பு முயற்சியே அதன் வித்து. அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த சிற்றறை ஒன்றிற்கு அது பெயர்ந்தது. 1954இல் அடிக்கல் நாட்டப்பட்ட கட்டடத்திற்கு நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் ஆலோசனை வழங்க, சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் அமைத்தார். 1959 அக்டோபரில் நூலகம் திறக்கப்பட்டது. 1967இல் சிறுவர் பகுதி சேர்க்கப்பட்டது. கேட்போர்கூடம் வந்தது 1971இல்தான். அஃதாவது, முதலில் வாசகர் கூடினர், பின்னர் அறை வந்தது. சிறுவர்க்கு இடம் தந்த பின்னரே மேடைக்கு இடம் தரப்பட்டது. வளரும் உயிராக நூலகத்தைக் கருதிய அரங்கநாதனின் ஐந்தாம் விதிக்கு இவ்வளர்ச்சியே விளக்கவுரையாக அமைகின்றது. 1981 சூன் முதல் நாள் இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிந்தபொழுது யாழ்ப்பாணத்தார் இழந்தது நூல்களை மட்டுமன்று. இருந்து படித்த இருக்கைகளையும் இழந்தனர்.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அளவால் பெரியது. ஒன்பது தளங்களைக் கொண்டது. அதனை நோக்குவோர் வியப்பது அதன் உயரத்தையும் கண்ணாடிச் சுவரையும் ஆகும். இக்கட்டுரையாளர் வியப்பது வேறொன்றை: வாசகர் தம் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென ஒதுக்கிய பகுதி. போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்வோர் அங்கு நிறைந்திருப்பர். நூலகத்தின் நூல் எதனையும் தொடாமலே நாள் முழுவதும் அங்கிருந்து செல்வோர் உளர். இதனைக் குறை கூறுவாரும் உண்டு. சிறு வீட்டில் பலரோடு வாழும் மாணவனுக்கு மேசையும் விளக்கும் அமைதியும் நூலுக்கு நிகரான கொடை என்பதை அக்குறை கூறுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே நூலகத்தின் அரங்கம் 2012இல் திருமண நிகழ்ச்சிக்கு விடப்பட்டு, உயர் நீதிமன்றம் தலையிட நேர்ந்ததையும் ஈண்டுக் குறிப்பிடலாம். மேடையும் நாற்காலியும் உள்ள இடத்தைத் தமிழர் கல்யாண மண்டபமாகக் காண்பது கடல் கடந்த பழக்கம் போலும்!

பினாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் கென் யியாங் பெயரை ஜோர்ஜ் டவுன் மக்கள் மெக்காலிஸ்டர் சாலையின் உயர்மாடிக் கட்டடத்தோடு இணைத்து அறிவர். 2005இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்த் தேசிய நூலகக் கட்டடமும் அவரது வடிவமைப்பே. இரு தொகுதிகளாகப் பிரிந்து நிற்கும் அக்கட்டடத்தின் இடையே, தரைத்தளத்தில், தெருவிலிருந்து எவரும் நேரே நுழையத்தக்க கூரையிட்ட வெளி ஒன்று உண்டு. வெயிலுக்கு ஒதுங்கியவர் வாசகர் ஆவதற்கு அங்கு வழியுண்டு. ஆயினும், ஸ்டாம்ஃபர்டு சாலையில் 1960 முதல் 2004 வரை இயங்கிய பழைய செங்கல் நூலகத்தைப் பற்றிச் சிங்கப்பூரார் பேசும் பரிவு புதியதற்குக் கிட்டவில்லை என்றே தோன்றுகின்றது. சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்ட அக்கட்டடத்தை அழகுடையதென்று தொடக்கத்தில் பலர் ஏற்றதில்லை. அதன் படிகளும் முற்றமுமே அவர்தம் நினைவில் நின்றவை. அந்நூலகத்திற்கு 375,000 வெள்ளி நன்கொடை வழங்கிய லீ கோங் சியான், அஃது இலவசமாகவும் தாய்மொழி நூல்களுக்கு இடம் தருவதாகவும் இருத்தல் வேண்டும் என விதித்த நிபந்தனையும் நம் கொடையாளர்கள் அறியத்தக்கது. கல்வெட்டில் பெயர் கேட்பதினும் அஃது உயர்ந்த நிபந்தனையன்றோ?

நம் ஊருக்கு வருவோம். பினாங்கின் கடைவீட்டு வரிசைகளில் உள்ள ஐந்தடி நடைவழி, மலாயில் காக்கி லீமா எனப்படுவது, தனியார் நிலத்தில் அமைந்தும் பொதுமக்கள் நடக்க உரியது. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகர் விதிகளிலேயே இத்தகைய நடைவழி இடம்பெற்றுள்ளது. நம் திண்ணையும் இந்நடைவழியும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்: வீடும் தெருவும் சந்திக்கும் ஓரத்தைக் கைவிடாமை. செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டதும் கடிதம் எழுதத் தெரியாதார்க்கு எழுதித் தந்ததும் இத்தகைய ஓரங்களிலேயே. துறைமுகத்திலும் இருப்புப்பாதையிலும் உழைத்த பாகான் டாலாம் தமிழர்க்குப் பினாங்கு செல்லும் பழைய படகின் திறந்த இருக்கைகளும் ஒருவகை மன்றமாகவே இருந்தன. 2023இல் வந்த புதிய படகுகளில் குளிர்சாதன அறை உண்டு, வசதி மிகுதியே. கடற்காற்றில் அமர்ந்து அயலாரோடு பேசும் வாய்ப்பு குறைந்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அண்மையில், பொது அமைப்பொன்று தாம் கட்டவிருக்கும் கட்டடத்தின் வரைபடத்தைக் காட்டி இக்கட்டுரையாளரின் கருத்தைக் கேட்டது. மேடை நாற்பதடி அகலம். நூலகம் என்று குறிக்கப்பட்டிருந்தது மேடைக்குப் பின்னே, பொருள் வைப்பறையை அடுத்து, சன்னல் இல்லாத ஓர் அறை. அதனைத் தெருப்பக்கம் கொண்டுவந்து, முன்னே அகன்ற தாழ்வாரமும் சுவரோடு சேர்ந்த திண்ணையும் விளக்கும் மின்விசிறியும் அமைக்குமாறு பரிந்துரைக்கப்பட்டது. செலவு மேடையின் அலங்காரத்தைவிடக் குறைவு. எதிர்ப்பு செலவு பற்றியதன்று. தாழ்வாரம் இருந்தால் வேலையற்ற இளைஞர் கூடுவர், போதைப்பழக்கமும் திருட்டும் வரும் என்றனர்.

இவ்வச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவ்வட்டாரத்தில் வாழ்வோர் கண்டறிந்து கூறும் அச்சம் அது. பல்கலைக்கழக அறையிலிருந்து வரைபடம் பார்ப்பவர் அதனை ஏளனம் செய்தல் தகாது. எனினும், ஆளில்லாத பூட்டிய கட்டடத்தின் இருண்ட ஓரமே தீயோர் விரும்பும் இடம் என்பதும் அவ்வாழ்வோர் அறிந்ததே. சிங்கப்பூர் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத் திறந்தவெளியில் திருமணமும் இழவும் முதியோர் சதுரங்கமும் மாணவர் படிப்பும் நிகழ்வது, வீட்டிற்குச் செல்வோர் கண்கள் எப்பொழுதும் அவ்வழியே கடப்பதால்தான். மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனபொழுது மாறியது அங்கிருந்தோரும் அவர்தம் வினையுமே. மதிலை இடித்ததாகச் சாத்தனார் கூறவில்லை.

மூன்று திங்களுக்குப் பின்னர்த் திருத்திய வரைபடம் வந்தது. நூலகம் முன்னே வந்துள்ளது. எட்டடித் தாழ்வாரமும் உண்டு. அதனைச் சுற்றி இரும்புக் கம்பிக் கதவும் வரையப்பட்டுள்ளது. அக்கதவு மாலை நான்கு மணிக்குத் திறக்கப்படல் வேண்டும் என்றும், சாவிகளுள் ஒன்று அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இருத்தல் வேண்டும் என்றும் எழுதி அனுப்பியுள்ளோம். மறுமொழி இன்னும் வரவில்லை.