நிற்கும் கால்கள்

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் கூட்டமே நம்மைக் கொண்டுபோகும். ஒன்றும் வாங்காமல் வேடிக்கை பார்த்துத் திரும்புவதும் ஒரு சுகம். அந்தச் சுகத்துக்காகக் கடைக்குள் நாள் முழுக்க நிற்கும் பெண்களை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) காட்டியது. ஆனால் முடிவில் படம் கனிக்குச் செய்வது என்ன? விபத்தில் அவள் கால்களைப் பறித்து, அந்த இழப்பின் மேல் லிங்குவின் காதலை உயர்த்துகிறது. நின்றே தேய்ந்தவளுக்கு வேண்டியிருந்தது உட்கார ஒரு நாற்காலி. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. இனி வேடிக்கை பார்க்கப் போகும்போது, புடவை விரிப்பவளின் பின்னால் அந்த நாற்காலி இருக்கிறதா என்றும் பார்ப்போம்.