எண்ணப்படாத மாடுகள்

‘செரங்கெட்டி சாகக் கூடாது’ என்ற ஜெர்மன் ஆவணப்படம் 1959இல் வந்தது. ஆஸ்கரும் வாங்கியது. முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். வரிக்குதிரைக் கோடுகள் பூசிய சின்ன விமானம். கீழே முடிவே இல்லாத புல்வெளி. அதில் நகரும் வில்டபீஸ்ட் மந்தைகள். ஃபிராங்க்ஃபர்ட் உயிரியல் பூங்காவின் இயக்குநர் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக்கும் மகன் மைக்கேலும் வானத்திலிருந்து விலங்குகளை எண்ணுகிறார்கள். கணக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. பிரிட்டிஷ் நிர்வாகம் பூங்காவின் எல்லையை மாற்றி வரைய இருந்த சமயம் அது. புதிய எல்லைக்கு வெளியேயும் மந்தைகள் போகின்றன என்று நிரூபிக்கத்தான் இவ்வளவு பாடும்.

1959 ஜனவரியில் பிணந்தின்னிக் கழுகு மோதி விமானம் விழுந்தது. மைக்கேல் இறந்தபோது வயது 24. மகனைப் பறிகொடுத்தவரின் படத்தைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகணும்.

தேசியப் பூங்காவுக்குள் மனிதர்களே கூடாது, அந்த மண்ணின் மக்கள் உட்பட, என்பது கிர்சிமெக்கின் கட்சி. படம் வந்த அதே ஆண்டில் மாசாய் மக்கள் மாடுகளோடு செரங்கெட்டியை விட்டு ங்கோரோங்கோரோ பக்கம் போக வேண்டியதாயிற்று. மேய்ப்பவன் விலகினால் விலங்கு பிழைக்கும்: படத்தின் வாதம் இவ்வளவுதான்.

நடந்தது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த வெக்கை நோய் மாடுகளோடு வில்டபீஸ்ட்டுகளையும் கொன்றது. அதன் பிறகும் கன்றுகள் செத்துக்கொண்டே இருந்தன. சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் வில்டபீஸ்ட்டுகளிடமிருந்தும் நோய் போய்விட்டது. அப்போது சுமார் இரண்டரை லட்சமாக இருந்தவை 1970களின் இறுதியில் 13 லட்சம் ஆயின. அவை புல்லை மேய்ந்து தீர்க்கவே காட்டுத்தீ குறைந்தது. மரங்களும் திரும்ப முளைத்தன.

மென்பொருளில் பிழை தேடுவது என் பிழைப்பு. ஒரு பிழைக்கான காரணம் பல நேரம் நாம் அளக்காமல் விட்ட இடத்தில்தான் இருக்கும். கிர்சிமெக் வானத்திலிருந்து எண்ணியதில் தவறுகள் இருக்கலாம், அது பெரிய குற்றமில்லை. மாட்டை எதிரியாக்கிவிட்டதால், அதன் உடம்புக்கும் வில்டபீஸ்ட்டின் உடம்புக்கும் இருந்த தொடர்பு படத்தின் கதைக்குள் வரவே முடியாமல் போனது. தடுப்பூசியின் பலன் 1959இல் தெரிந்திருக்க நியாயமில்லைதான். தெரியாத ஒன்றின் மேல் இவ்வளவு உறுதியாகத் தீர்ப்பு எழுதி, ஒரு சமூகத்தையே வெளியேற்றும் நியாயத்துக்குத் துணை போனதுதான் என் புகார்.

படத்தை அவசியம் பாருங்கள். அந்தப் புல்வெளி இன்னமும் மூச்சடைக்க வைக்கிறது. பார்க்கும்போது மாடுகளையும் கொஞ்சம் தேடுங்கள்.